வளவில் வெனிஸ் வணிகன்: நீதிமன்றக் காட்சியை மட்டும் தமிழில் நடத்த யோசனை வேண்டும்

பள்ளத்தூர் ஆச்சி (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தை மாதக் கடைசியில் ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டின் வளவில், அதாவது நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும் சேர்ந்த இடத்தில், ஷேக்ஸ்பியரின் வெனிஸ் வணிகன் நாடகத்திலிருந்து நீதிமன்றக் காட்சியை மட்டும், அதாவது நான்காம் அங்கத்தின் முதல் களத்தை, தமிழில் நடத்தப் போகிறோம். கடன் தவணை தப்பிய ஆன்டோனியோவின் உடலில் ஒரு ராத்தல் சதையை யூதனான ஷைலாக் கேட்க, ஆன்டோனியோவின் நண்பன் பஸ்ஸானியோவின் மனைவி போர்ஷியா வக்கீல் வேஷத்தில் வந்து, சதை உண்டு, ரத்தம் இல்லை என்று மடக்குகிற காட்சி அது. நடிக்கிறவர்கள் எட்டுப் பேர், எல்லாரும் கல்லூரிப் பிள்ளைகள். பார்க்க வருகிறவர்கள் தொண்ணூறு பேருக்குள் இருப்பார்கள். மொத்தம் நாற்பது நிமிடம்தான் கையில் இருக்கிறது. மைக் வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் சொல்லவில்லை, எங்களுக்கே வைக்க விருப்பமில்லை.

முற்றம் 24க்கு 18 அடி. நாலு பக்கமும் எட்டடி அகலத்தில் பத்தி (தூண் தாங்கும் தாழ்வாரம்), தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் தரை. மூன்று சந்தேகங்கள். வசனத்தைச் செய்யுளாக எழுதுவதா, பேச்சுத் தமிழிலா? எதை வெட்டுவது? வளவில் குரல் எதிரொலிக்கிறது, ஒத்திகையில் பாதி வார்த்தை புரியவில்லை. அதற்கு என்ன செய்வது?

"இதைப் போய் இந்த ஊரில் ஏன்?" என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கும் பதில் தெரிந்தால் நல்லது.

அகவல்

ஆச்சி, முதலில் கடைசிக் கேள்வி. 1891இல் இரண்டு காரியம் நடந்தது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனதும், மாக்பெத் 'மகபதி' ஆனதும், நீங்கள் எடுத்திருக்கும் இதே நாடகம் 'வாணிபுர வணிகன்' ஆனதும் அவர் கையால்தான். அதே 1891இல் சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' அச்சில் வந்தது. கதை ஆங்கில எழுத்தாளர் லிட்டன் பிரபுவினுடையது. ஆனால் ஐந்து அங்கம், அங்கத்துக்குள் களங்கள், அடிக்கு அடி ஓடும் செய்யுள் வசனம் என்ற கட்டுமானம் ஷேக்ஸ்பியர் வழி வந்தது. அந்த நூலின் வாழ்த்துப் பாட்டுதான் 'நீராருங் கடலுடுத்த'. உங்கள் விழா தொடங்கும்போது எல்லோரும் எழுந்து நின்று பாடப்போவது ஷேக்ஸ்பியர் பாணியில் எழுதிய ஒரு தமிழ் நாடகத்தின் முதல் பக்கத்தைத்தான். கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

இனி வசனம். ஆங்கில மூலத்தில் இந்தக் களம் பெரும்பாலும் எதுகை இல்லாத செய்யுள், வரிக்குப் பத்து அசை. தமிழில் இதற்கு ரொம்பப் பக்கத்தில் நிற்பது நாற்சீர் அகவல். வெண்பா வேண்டாம், தளை இறுக்கிப் பிடிக்கும், வாதத்துக்கு நடுவில் மூச்சு விட இடம் கிடைக்காது. விருத்தம் பாட்டாகிவிடும். அகவலுக்குப் பேச்சு ஓட்டம் உண்டு, எதுகை கட்டாயமில்லை, மோனை இருந்தால் போதும். போர்ஷியாவின் கருணைப் பேச்சின் தொடக்கம் இப்படி வரலாம்:

வருத்திப் பெறுவதோ கருணை? அன்று,
வானம் வழங்கும் மென்மழை போலக்
கீழுள நிலத்தில் கேளா திறங்கும்,
ஈந்தவர் ஏற்றவர் இருவரும் வாழ்வர்.

மூன்றாம் அடியில் பொழிப்பு மோனை (முதல், மூன்றாம் சீர்), நான்காவதில் கூழை மோனை (முதல் மூன்று சீர்). அதற்கு மேல் அலங்காரம் ஏற்றாதீர்கள். சீருக்கு ஈரசையிலேயே நிறுத்துங்கள். மூவசைச் சீர் அடுத்தடுத்து வந்தால் நடிகர் வாயில் வரி இழுபடும், கேட்பவருக்கு ஒப்பிப்பதுபோல் இருக்கும். "தயாள சிந்தை", "காருண்யம்" போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு வேறு தேடுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் அகவலாக்காதீர்கள். மூன்றாம் அங்கத்தில் ஷைலாக் "யூதனுக்குக் கண் இல்லையா?" என்று கேட்கும் பேச்சு மூலத்திலேயே உரைநடை. அந்தப் பேச்சை முன்னுரையாக இங்கே கொண்டுவந்து வையுங்கள். அது இல்லாமல் நீதிமன்றக் காட்சி மட்டும் பார்த்தால் ஷைலாக் வெறும் கொடியவனாகத் தெரிவான். அதைச் சாதாரணப் பேச்சுத் தமிழில், ஒரே மாதிரிக் கேள்வி வாக்கியங்களாக எழுதுங்கள்: "எங்களைக் குத்தினால் ரத்தம் வராதா? விஷம் வைத்தால் சாக மாட்டோமா?" கேள்வியின் முடிவு ஒவ்வொரு முறையும் ஒரே ஓசையில் விழ வேண்டும். அங்கேதான் அதன் பலம்.

செய்யுள் கேட்கக் கூட்டம் உட்காருமா என்ற பயம் இந்தப் பக்கத்துக்குத் தேவையில்லை. காரைக்குடியில் 1939 முதல் கம்பன் விழா நடக்கிறது. செய்யுளைக் காதால் கேட்டுப் பொருள் பிடிக்கப் பழகிய ஊர் இது.

வெட்டுவது பற்றி: களம் சுமார் 450 வரி. ஷைலாக் வெளியேறிய பின் வரும் மோதிர விளையாட்டு ஐம்பது வரிக்கு மேல், அதை முழுசாக எடுத்துவிடுங்கள், ஐந்தாம் அங்கம் இல்லாமல் அதற்கு அர்த்தமில்லை. ஷைலாக் சொல்லும் பன்றி, பூனை, ஊதுபைக் குழல் உவமைகளைச் சுருக்குங்கள். பஸ்ஸானியோவின் நண்பன் கிராஷியானோவின் பித்தகோரஸ் பேச்சு போகட்டும். வக்கீலை அறிமுகப்படுத்தும் கடிதம் நாலே வரி போதும். ஆனால் "நீங்கள் விலைக்கு வாங்கிய அடிமைகள் வைத்திருக்கிறீர்களே, அவர்களை விட்டுவிடச் சொல்லட்டுமா?" என்று ஷைலாக் கேட்கிற இடத்தைத் தொடவே தொடாதீர்கள். சபையில் யாரும் அதற்குப் பதில் சொல்வதில்லை. மிச்சம் 280 வரி நிற்கும், அகவலில் அது ஏறக்குறைய 320 அடி. நிமிடத்துக்குப் பன்னிரண்டு அடி வைத்தால் 27 நிமிடம். கத்தி, தராசு, மௌனம் எல்லாவற்றுக்கும் எட்டு நிமிடம். முன்னுரைக்கு ஐந்து.

அந்த முன்னுரையில் ஒரு செய்தி கட்டாயம்: வக்கீல் வேஷத்தில் வருவது பஸ்ஸானியோவின் மனைவி, குமாஸ்தா வேஷத்தில் வருவது கிராஷியானோவின் மனைவி. இது தெரியாவிட்டால் நடுவில் வருகிற இரண்டு நல்ல சிரிப்பும் வீணாகும்.

முற்றம்

இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன். 1599இல் எழுந்த குளோப் அரங்கம் நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் மாடியோடு கூடிய பத்திகள், மேடைக் கூரையைத் தாங்க இரண்டு பெரிய தூண்கள், பகல் வெளிச்சத்தில் ஆட்டம், திரைச்சீலைக் காட்சி எதுவும் இல்லை என்று இருந்தது. ஊர், நேரம், இருட்டு எல்லாவற்றையும் வசனமே சொல்லும். அதனால் வளவில் இந்த நாடகம் வெளியூர்ச் சரக்காகத் தெரியாது. படம் வரைந்த தட்டி, வெனிஸ் பாலம் எதுவும் கட்டாதீர்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு தராசு போதும்.

எதிரொலிக்குக் காரணம் தரையும் சுவரும். ஆத்தங்குடிக் கல், கண்ணாடி மாதிரி இழைத்த சுண்ணாம்புப் பூச்சு இரண்டும் ஒலியை விழுங்காது, திருப்பி அனுப்பும். வேகமாகப் பேசினால் முந்தின சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் விழும். கைதட்டிப் பாருங்கள், எந்தப் பக்கம் "டப்" என்று திரும்பி வருகிறதோ அந்தப் பத்தியில் கனமான ஜமுக்காளத்தை இரட்டையாக விரியுங்கள், பின்சுவரை ஒட்டிக் கயிறு கட்டிப் பருத்திப் போர்வைகளை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிடுங்கள். மடிப்பில்லாமல் இழுத்துக் கட்டினால் பயன் குறைவு. ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் பாதி எதிரொலி தானாகவே போய்விடும். ஆளில்லாத ஒத்திகையை வைத்துப் பயப்பட வேண்டாம்.

நடிகர்களுக்கு ஒரே பயிற்சி: சத்தம் கூட்டுவதல்ல, சொல்லின் கடைசி மெய்யைக் கடித்து முடிப்பது. "கேட்டான்" என்பதில் ன், "வாழ்வர்" என்பதில் ர் காதில் விழ வேண்டும்.

நிற்கிற இடம் முக்கியம். முற்றத்தின் நட்டநடுவில் நின்றால் குரலில் பெரும்பங்கு வானத்துக்குப் போய்விடும். பத்தியின் ஓரத்தில், மரக்கூரைக்கு ஒரு அடி உள்ளே நின்று பேசினால் கூரை குரலை முன்னே தள்ளும். வாதங்கள் எல்லாம் அந்த ஓரத்தில் நடக்கட்டும். ஒரே ஒரு இடத்துக்கு மட்டும் விதிவிலக்கு: கருணைப் பேச்சு. "வானம் வழங்கும் மென்மழை" என்கிறபோது போர்ஷியா பத்தியிலிருந்து இறங்கி வானத்துக்குக் கீழே வர வேண்டும். நாலு பக்க ஓட்டுக் கூரையின் மழையும் வந்து விழுகிற இடம் அது. மழைக்கு ஏங்குகிற சீமையில் அந்த இரண்டு அடி நடைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அங்கே குரல் சிதறும், ஆகையால் அந்தப் பன்னிரண்டு அடியை மட்டும் முக்கால் வேகத்தில் சொல்லச் சொல்லுங்கள். இறங்குகிற படியின் விளிம்பு வழுக்கும், தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்த கல்லாக இருந்தால் இன்னும் மோசம். ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பே எண்ணெய்த் துடைப்பை நிறுத்துங்கள்.

பார்வையாளர்களை மூன்று பத்தியில் உட்கார வையுங்கள், நாலாவது, விசாரணை நடத்தும் வெனிஸின் ஆட்சித் தலைவர் டியூக்குக்கு. தூண் மறைக்கத்தான் செய்யும். அதனால் ஷைலாக்கும் ஆன்டோனியோவும் ஒரே தூணின் கோட்டில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்று பக்கத்திலும் கடைசி ஆள் உட்காரும் இடத்தில் நீங்களே உட்கார்ந்து பார்த்துச் சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுங்கள்.

ஆட்டம் ஐந்து மணிக்குத் தொடங்கட்டும். தையில் ஆறேகால் வாக்கில் சூரியன் மறையும், ஆனால் உயரமான சுவருக்குள் ஐந்தரைக்கே நிழல் கவிந்துவிடும். மேல்மாடியிலிருந்து இரண்டு 50 வாட் மஞ்சள் எல்இடி விளக்கைச் சாய்வாக இறக்குங்கள், ஐந்து இருபதுக்கே போட்டுவிடுங்கள். இருட்டிய பின் போட்டால் கண் கூசும். தேக்குத் தூணில் ஆணி, ஒட்டுநாடா இரண்டும் கூடாது, துணியைச் சுற்றி அதன்மேல் கயிறு கட்டுங்கள். தீப்பந்தம், குத்துவிளக்கு வேண்டும் என்று யாராவது கேட்டால் 1613 ஜூனில் குளோப் அரங்கமே பீரங்கிப் பொறி கூரையில் பட்டு எரிந்து போனதைச் சொல்லுங்கள்.

ஒரு சின்னச் சிக்கல். ஷைலாக் கத்தியைச் செருப்பின் அடியில் தீட்டுவான், கிராஷியானோ அதை வைத்து ஒரு சிலேடை பேசுவான், ஆங்கிலத்தில் செருப்படிக்கும் ஆன்மாவுக்கும் ஒரே ஓசை. வளவுக்குள் செருப்பு வராது, சிலேடையும் தமிழில் வராது. சின்னச் சாணைக்கல் ஒன்றைக் கையில் கொடுங்கள். கிராஷியானோ இப்படிச் சொல்லட்டும்: "அந்தக் கல் எதற்கு? உன் நெஞ்சில் தீட்டு, அதைவிடக் கெட்டியான கல் கிடைக்காது." கத்தி மொட்டையாக இருக்கட்டும், கல்லில் உரசும் ஓசை மட்டும் உண்மையாக இருக்கட்டும்.

தேவகோட்டை ரசிகன்

அருமையான யோசனைகள். என் பங்குக்கு இரண்டு. ஒன்று, கதையை ரங்கூனுக்கு மாற்றி ஷைலாக்கை வட்டிக்கடை முதலாளியாக ஆக்கினால் நம் ஊருக்கு இன்னும் ஒட்டும். இரண்டு, ஷைலாக் வக்கீலைப் பார்த்து "தானியேலே வந்துவிட்டார்" என்று புகழ்கிற இடத்தில் "மரியாதைராமன்" என்று போட்டால் எல்லாருக்கும் புரியும்.

பேரேடு

அண்ணே, இரண்டையும் மறுக்க வேண்டியிருக்கிறது, மன்னிக்கவும்.

ஷைலாக்கின் கோபம் வட்டியால் மட்டும் வந்ததல்ல. யூதன் என்பதற்காக வெனிஸின் வணிகர்கள் கூடும் ரியால்ட்டோவில் அவன் அங்கியில் துப்பியிருக்கிறார்கள், நாய் என்று உதைத்திருக்கிறார்கள். ரங்கூனுக்கு மாற்றினால் அந்த மத வெறுப்பு கழன்று விழும், மிச்சம் நிற்பது பேராசைக்கார லேவாதேவிக்காரன் என்ற ஒற்றைப் பொம்மை. அது நாடகத்துக்கும் அநியாயம், கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித் தொழில் செய்யப் போய்க் கணக்குச் சுத்தமாக வைத்திருந்தவர்களுக்கும் அநியாயம். இன்றைக்குக் கந்துவட்டிக்காரரை "ஷைலாக்" என்று சொல்வது தமிழிலும் வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு மனிதன் இருந்தான் என்று காட்டத்தானே இந்த ஆட்டம்?

தானியேல் விஷயமும் அப்படியே. தானியேல் யூத மறையில் வருகிற நியாயவான். ஷைலாக் தன் மரபிலிருந்து ஒரு பெயரை எடுத்து வக்கீலைப் புகழ்கிறான். தீர்ப்பு திரும்பியதும் கிராஷியானோ அதே பெயரை அவன் முகத்திலேயே வீசுகிறான். மரியாதைராமன் என்றால் பொருள் புரியும், குத்து போய்விடும். முன்னுரையில் "தானியேல், யூதர்களின் பழைய நீதிமான்" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் போதும். இரண்டு இடத்திலும் சொல்லுக்குச் சொல் ஒரே வாக்கியமாக இருக்க வேண்டும், மொழிபெயர்க்கிறவர் அழகுக்காக மாற்றிவிடக் கூடாது. திருவிழாவில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளி நாரதர் தர்க்கம் கேட்டவர்களுக்கு இந்த உத்தி நன்றாகத் தெரியும்: எதிராளியின் சொல்லைப் பிடித்து அவர் மேலேயே திருப்புவது.

இனிப் பத்திரம். கணக்குப் பார்த்த ஊரில் இதைத்தான் முதலில் கவனிப்பார்கள். மேடையில் வாசிக்கும் காகிதத்தில் இப்படி எழுதுங்கள்: "வாங்கியவர் ஆன்டோனியோ, கொடுத்தவர் ஷைலாக். ரொக்கம் டக்கட் 3,000. தவணை மூன்று மாதம். வட்டி இல்லை. தவணை தப்பினால் வாங்கியவர் உடலில், நெஞ்சுக்கு மிக அருகில், சரியாக ஒரு ராத்தல் சதை." நாலு எச்சரிக்கை இதில் இருக்கிறது.

"கடன்காரன்" என்ற சொல்லைத் தவிர்த்திருக்கிறேன். தமிழில் கொடுத்தவரையும் அப்படிச் சொல்வோம், வாங்கியவரையும் சொல்வோம். வாத வேகத்தில் குழப்பிவிடும்.

"அரைக் கிலோ" என்று போடாதீர்கள். ராத்தல் என்ற பழைய சொல் அப்படியே பவுண்டு எடைதான், சுமார் 453 கிராம். பெரியவர்கள் காதுக்குப் பழக்கமானது, இளையவர்களுக்குத் தராசைப் பார்த்தால் புரிந்துவிடும்.

முதல் அங்கத்தில் ஷைலாக் கேட்பது "உடலில் எனக்கு விருப்பமான இடத்தில்". நீதிமன்றத்தில் "நெஞ்சுக்கு அருகில், அதுதான் பத்திரத்தின் வார்த்தை" என்கிறான். மூலத்திலேயே இருக்கிற முரண் இது. நீங்கள் நீதிமன்றக் காட்சி மட்டும் போடுவதால் இரண்டாவதையே பத்திரத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

தொகையிலும் ஒரு இடறல். பஸ்ஸானியோ சபையில் இரண்டு மடங்கு தருவதாகச் சொல்கிறான், 6,000. கொஞ்ச நேரம் கழித்துப் போர்ஷியா "மூன்று மடங்கு தருகிறார்களே" என்கிறாள், ஷைலாக்கும் கடைசியில் மூன்று மடங்கையே கேட்கிறான். முன்வரிசையில் யாராவது "ரெண்டா மூணா?" என்று கேட்டுவிடுவார்கள். எல்லா இடத்திலும் மூன்று என்று ஆக்கிவிடாதீர்கள். "ஆறாயிரத்தில் ஒவ்வொரு டக்கட்டும் ஆறு துண்டாகி ஒவ்வொரு துண்டும் ஒரு டக்கட் ஆனாலும்", அதாவது 36,000 கொடுத்தாலும் வேண்டாம் என்று ஷைலாக் சொல்லும் வரி ஆறாயிரத்தின் மேல் கட்டியது. இரண்டு என்றே எல்லா இடத்திலும் திருத்துங்கள்.

3,000 டக்கட் எவ்வளவு என்று முன்னுரையில் சொல்லலாம். வெனிஸின் தங்க டக்கட் சுமார் மூன்றரைக் கிராம். மொத்தம் பத்தரைக் கிலோ, நம் கணக்கில் 1,300 பவுனுக்குப் பக்கம். வளவில் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்கும்.

"வட்டி இல்லை" என்பதை நடிகர் அழுத்தி வாசிக்க வேண்டும். ஆன்டோனியோ வட்டியில்லாமல் கடன் கொடுத்து ஊரில் வட்டி விகிதத்தையே இறக்கிவிடுகிறான் என்பது ஷைலாக்கின் தொழில் மனக்குறை. அவனே வட்டியை விட்டுவிட்டுப் பத்திரம் எழுதுகிறான் என்றால் அது பணத்துக்காக எழுதிய பத்திரமில்லை.

வக்கீல்கள் வந்தால் ஒன்று கேட்பார்கள்: 1872ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவுப்படி ஒருவர் உடலுக்குக் கேடு விளைவிக்கும் ஒப்பந்தமே செல்லாது, 74ஆம் பிரிவுப்படி தண்டத்தொகையும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் போகாது, பிறகு எதற்கு "சதை உண்டு, ரத்தம் இல்லை" என்ற வாதம்? சரியான கேள்வி. ஆனால் இந்த வெனிஸ் வெளிநாட்டு வியாபாரிகளை நம்பிப் பிழைக்கும் ஊர், எழுதின பத்திரத்தை டியூக்கே மீற முடியாது. அந்த இறுக்கத்தைப் போர்ஷியாவின் வசனத்தில் இரண்டு வரியாவது விட்டுவையுங்கள். அதை வெட்டினால் முழுக் காட்சியும் நிற்க ஆதாரமில்லாமல் போகும்.

பள்ளத்தூர் ஆச்சி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஜமுக்காளம், போர்வை இரண்டும் இன்றைக்கே எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன். கடைசியாக ஒன்று. ஷைலாக்கை மதம் மாறச் சொல்லும் வரியை விட்டுவிடலாம் என்று பிள்ளைகளில் சிலர் சொல்கிறார்கள். அவன் வெளியேறுவதை எப்படி வைப்பது என்றும் தெரியவில்லை, ஒத்திகையில் சப்பென்று முடிகிறது.

அகவல்

விடக் கூடாது ஆச்சி. மழைபோல் கேளாமல் இறங்கும் என்று சொன்ன கருணை அந்த வரியில் நிபந்தனையோடு வருகிறது. பார்க்கிறவர்கள் அதைத் தாங்களே எடைபோடட்டும். ஷைலாக்கின் பதிலுக்கு அகவல் வேண்டாம், வெறும் பேச்சு: "சம்மதம்." பிறகு, "எனக்கு உடம்பு சரியில்லை. போக விடுங்கள். பத்திரத்தைப் பின்னால் அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன்." அழுகை, நடுக்கம் எதுவும் சேர்க்காதீர்கள்.

முற்றம்

வெளியேறுவதற்கு உங்கள் வீடே வழி வைத்திருக்கிறது. இந்த வீடுகளில் முகப்பு வாசலிலிருந்து பின்கட்டு வரை நிலைகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். ஷைலாக்கைப் பக்கத்து அறைக்குள் அனுப்பாதீர்கள், அதனால்தான் சப்பென்று இருக்கிறது. டியூக்கைப் பின்கட்டுப் பக்கப் பத்தியில் வையுங்கள், ஷைலாக் அவருக்கு முதுகைக் காட்டி வளவைத் தாண்டி, நடையைத் தாண்டி, முகப்பைத் தாண்டித் தெருவாசல் வரை போகட்டும். எல்லா நிலைக்கதவும் முன்பே திறந்திருக்க வேண்டும், வழியில் விளக்கு வேண்டாம், தெருவின் மிச்ச வெளிச்சம் மட்டும். அதற்காகத்தான் ஐந்து மணிக்குத் தொடங்கச் சொன்னேன், அவன் கிளம்பும்போது ஐந்து முப்பத்தைந்து ஆகியிருக்கும்.

முகப்புப் பக்கப் பத்தியில் நடுவில் நாலடி வழி விட்டுத்தான் ஆட்களை உட்கார வைக்க வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். வெறுங்கால் என்பதால் நடைச் சத்தம் இருக்காது. தராசு அவன் கையில் இருக்கட்டும், தட்டுச் சங்கிலி கிலுங்கும் ஓசை தூரம் போகப் போகக் குறைவது கேட்கும். அவன் தெருப்படி இறங்கும் வரை மேடையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஏறக்குறைய நாற்பது விநாடி பிடிக்கும். பிள்ளைகள் பயந்து பத்து விநாடியில் அடுத்த வசனத்தைத் தொடங்கிவிடுவார்கள், மனசுக்குள் நாற்பது எண்ணச் சொல்லிப் பழக்குங்கள்.